போக்குவரத்து நிற்காத சாலையில் சைக்கிள் நிகழ்ச்சி: பாதுகாப்பும் மார்ஷல் பணியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு விடியற்காலைகளில் சைக்கிள் கூட்டங்கள் போவதை அந்த வழியில் வசிப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றுள் சில, பெயர் பதிந்து, எண் கொடுத்து, சந்திப்புகளில் மார்ஷல்களை, அதாவது சைக்கிளோட்டிகளுக்கு வழிகாட்டும் தன்னார்வலர்களை, நிறுத்தி நடத்தப்படுபவை. அத்தகைய நிகழ்ச்சிகளில் ஒளிரும் சட்டையுடன் சாலையோரம் நின்றும், பிறகு பாதை வகுக்கும் பொறுப்பை ஏற்றும் நான் கற்றுக்கொண்டவற்றை, புதிதாக மார்ஷலாக வருபவர்களும் முதன்முறையாக நிகழ்ச்சி நடத்த முனைபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடையாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தச் சாலையிலிருந்தே வருகின்றன.

போக்குவரத்து நிற்காத சாலை என்று எதைச் சொல்கிறீர்கள்? தொலைக்காட்சியில் பார்க்கும் பந்தயங்கள் அப்படி நடப்பதில்லையா?

இல்லை. ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களில் வீரர்கள் செல்லும் நேரத்தில் சாலை அவர்களுக்கு மட்டுமே உரியது. முன்னே செல்லும் காரில் சிவப்புக் கொடி இருக்கும், கடைசி வாகனத்தில் பச்சைக் கொடி இருக்கும். அந்த இரண்டு கொடிகளுக்கும் இடைப்பட்ட சாலைத்துண்டில் வேறு வாகனம் நுழையக் கூடாது, பச்சைக் கொடி கடந்ததும் சாலை மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்படும்.

நம் நிகழ்ச்சிகளில் அந்தக் கொடிகளுக்கு இடமே இல்லை. மாநகரப் பேருந்து, மீன் ஏற்றிய ஆட்டோ, தண்ணீர் லாரி, மாமல்லபுரம் போகும் சுற்றுலாக் கார், கோயிலுக்குப் போகும் வேன் எல்லாம் நமக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. சட்டத்தின் பார்வையில் எண் ஒட்டிய நம் சைக்கிளோட்டியும், காலையில் பால் வாங்கச் சைக்கிளில் போகிறவரும் ஒன்றுதான். சிவப்பு விளக்கு இருவருக்கும் சிவப்பு விளக்கே.

மார்ஷல் வாகனங்களை நிறுத்தலாமா?

கூடாது. இந்த ஒரு விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது வழக்கம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி வாகன ஓட்டி கீழ்ப்படிய வேண்டியது போக்குவரத்துக் குறியீடுகளுக்கும், சிக்னலுக்கும், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கும் காவலருக்கும்தான். ஒளிரும் சட்டையும் விசிலும் வாங்கி அணிந்துகொண்ட தன்னார்வலர் அந்த வரிசையில் இல்லை. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், பயிற்சி முடித்துக் காவல்துறையின் அங்கீகாரம் பெற்ற மார்ஷல்கள் சைக்கிள் பந்தயத்துக்காக வாகனங்களை நிறுத்தலாம். நம் தன்னார்வலர்களுக்கு அப்படி ஓர் அதிகாரம் கிடையாது. ஒரு சந்திப்பில் வாகனங்களை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அங்கே சீருடையில் ஒரு காவலர் இருக்க வேண்டும். மார்ஷல் அவருக்குத் துணையாக நிற்கலாம், அவ்வளவுதான்.

அதிகாரம் இல்லை என்பது காகிதத்தில் மட்டும் உள்ள சிக்கல் அன்று. எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்க்காரர், கை நீட்டி நிற்கும் ஓர் இளைஞரைக் கண்டு நிற்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அவர் நின்றாலும் அவருக்குப் பின்னால் வருபவர் நிற்பாரா என்பதும் தெரியாது. நிற்பார் என்று நம்பி மார்ஷல் சாலைக்குள் இரண்டு அடி எடுத்து வைத்தால், பாதுகாக்க வந்தவரே முதலில் அடிபடுவார்.

அப்படியானால் மார்ஷலின் வேலைதான் என்ன?

மார்ஷல் பார்க்க வேண்டியதும் பேச வேண்டியதும் சைக்கிளோட்டியிடம். வருகிறவரை முன்கூட்டியே வேகம் குறைக்கச் செய்வது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டுவது, சாலையில் கிடக்கும் மணல், குழி, கண்ணாடித்துண்டு ஆகியவற்றைச் சொல்வது, தேவைப்பட்டால் அவரை நிற்கச் சொல்வது ஆகியவையே அவர் வேலை. வாகன ஓட்டிகளைப் பொறுத்தவரை அவர் ஓர் எச்சரிக்கைப் பலகை மட்டுமே: இங்கே ஏதோ நடக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றச் செய்தால் போதும்.

இதில் ஒரு விதி மிக முக்கியமானது. மார்ஷல் ஒருபோதும் ‘வாங்க, ரோடு காலி’ என்று சொல்லவோ அப்படிக் கை அசைக்கவோ கூடாது. ‘நில்லுங்கள்’ என்று சொல்லலாம், ‘மெதுவாக’ என்று சொல்லலாம், ‘நீங்களே பார்த்துப் போங்கள்’ என்று சொல்லலாம். சாலை காலியாக இருக்கிறதா என்று முடிவெடுக்க வேண்டியவர் சைக்கிளில் இருப்பவர்.

இந்த விதி எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சியில், பிரதான சாலையில் ஏறும் ஒரு கிராமத்து முனையில் கல்லூரி மாணவர் ஒருவரை நிறுத்தியிருந்தோம். நல்ல பிள்ளை. எல்லோருக்கும் முன்னதாகவே வந்து, தன் இடத்தில் சிதறிக் கிடந்த ஜல்லியைத் துடைப்பத்தால் பெருக்கி வைத்திருந்தார். நான்கு பேர் கொண்ட குழு வந்தபோது வலப்பக்கம் பார்த்து, வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ‘வாங்க, வாங்க’ என்று கையசைத்தார். நால்வரும் ஏறிப் போய்விட்டனர். ஐந்தாமவர் முப்பது மீட்டர் பின்தங்கி வந்தார். மாணவரின் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதே வினாடியில் பால் கேன்கள் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் எதிர்த்திசையில், ராங் சைடில், சாலையின் விளிம்போடு வந்தது. மோதலில் சைக்கிளில் வந்தவரின் தோளருகே உள்ள காறையெலும்பு முறிந்தது. தார்ச்சாலையில் பால் ஓடிக்கொண்டிருக்க, அந்த மாணவர் கேனை நிமிர்த்துவதா மனிதரைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அன்று மாலை மருத்துவமனையில் அந்தப் பெரியவர் கோபமே இல்லாமல் சொன்னார்: “தம்பி, நீ கை காட்டினதால நான் திரும்பியே பார்க்கலப்பா.”

அந்த மாணவர் அதன் பிறகு மார்ஷலாக வரவில்லை. தவறு அவருடையது அன்று. சாலையைப் பார்த்துச் சொல்வது உன் வேலை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த எங்களுடையது. ஒரு கையசைப்பு முதலாமவருக்கு உண்மையாக இருக்கலாம். ஐந்தாமவர் வந்து சேரும்போது அது பழைய செய்தி.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாதுகாப்பின் பெரும்பகுதி இங்கேதான் முடிவாகிறது. வாகனங்களை நிறுத்தினால்தான் கடக்க முடியும் என்ற நிலையில் ஓர் இடம் பாதையில் இருந்தால், அங்கே எத்தனை மார்ஷலைப் போடலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தைத் தவிர்க்கும் வழியைத் தேட வேண்டும்.

நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே இடப்பக்கம் திரும்புவது எளிது, வலப்பக்கம் திரும்புவது வரும் போக்குவரத்தை வெட்டிச் செல்வது. முடிந்த வரை இடப்பக்கத் திருப்பங்களே வரும்படி பாதையை வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட அபாயமானது நடுவே தடுப்புள்ள சாலையில் யூ-டர்ன். போய்த் திரும்பும் பாதை வகுப்பது எளிது என்பதால் பல நிகழ்ச்சிகளில் அதையே வைத்துவிடுகிறார்கள். தடுப்பின் இடைவெளியில் திரும்ப விரும்பும் சைக்கிளோட்டி, அதற்கு முன்பே இடது ஓரத்தை விட்டு, மிக வேகமாக வாகனங்கள் வரும் வலது தடத்துக்கு மாறி, அங்கேயே வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிறவர் அந்தத் தடத்தில் ஒரு சைக்கிளை எதிர்பார்ப்பதே இல்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி இதுதான்: திரும்பும் இடத்துக்கு முன்பே சைக்கிளோட்டிகளை இடப்பக்கம் ஒரு வளாகத்துக்குள்ளோ கிளைச் சாலைக்குள்ளோ வரவழைத்து, அங்கே தண்ணீரும் பழமும் கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு சிக்னல் உள்ள சந்திப்பில், அல்லது காவலர் நிற்கும் இடத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து கடக்கச் செய்கிறோம். நேரம் போகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. போகட்டும்.

பாதையை வகுத்த பிறகு, நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், காரில் அல்லாமல் சைக்கிளிலேயே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கடற்கரைக் கிராமங்களின் கிளைச் சாலைகள் பிரதான சாலையில் சேரும் இடத்தில் டயரோடு வந்த மணல் பரவிக் கிடக்கும். காரில் போகிறவருக்கு அது தெரியாது, 25 மில்லிமீட்டர் டயரில் வருகிறவரை அது கீழே தள்ளிவிடும். தடுப்பின் இடைவெளிகள் தூரம் தூரமாக இருக்கும் பகுதிகளில், பக்கத்துக் கடைக்குப் போக வேண்டிய இருசக்கர வாகனங்கள் ராங் சைடில்தான் வரும், அவையும் சைக்கிளுக்கு உரிய இடது விளிம்பிலேயே வரும். ஞாயிறு காலையில் மீன் விற்பனை எங்கே நடக்கிறது, எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம் வெளியே வருகிறது, ஆடி மாதத்தில் எந்த அம்மன் கோயிலின் பந்தல் சாலை வரை வந்திருக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது.

எத்தனை மணிக்குத் தொடங்குவது நல்லது?

வெயிலைப் பார்த்தால் சீக்கிரம் தொடங்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சென்னையில் மே மாத இறுதியில் சூரிய உதயம் ஏறத்தாழ 5:40, ஜனவரி இறுதியில் 6:35. இருட்டில் தொடங்குவதாக இருந்தால் முன்விளக்கும் பின்விளக்கும் எரியாத சைக்கிளைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்திவிட வேண்டும்.

பலரும் மறந்துவிடும் ஒன்று, உதயத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் நோக்கி வரும் சாலை கிழக்குப் பார்த்தது. காலை ஏழு மணிக்கு அதில் வரும் வாகன ஓட்டியின் கண்ணில் சூரியன் நேராக அடிக்கும். மாமல்லபுரத்திலிருந்து சென்னை நோக்கித் திரும்பும் நம் சைக்கிளோட்டிகள் அந்தச் சாலையின் வாயைத்தான் கடந்தாக வேண்டும். அந்த வாகன ஓட்டியின் முன்கண்ணாடியில் தூசு படிந்திருந்தால் சைக்கிள் அவருக்குத் தெரியவே தெரியாது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இத்தகைய இடங்களே காரணம். அந்தச் சந்திப்புக்கு அனுபவமுள்ள மார்ஷல்தான் போக வேண்டும்.

ஒரு குழுவில் எத்தனை பேர் போகலாம்?

எண்ணிக்கையைச் சொல்வதை விட ஒரு கணக்கைச் சொல்கிறேன். இருபது பேர் இருவர் இருவராகச் சேர்ந்து போனால் அந்தக் குழுவின் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். அவர்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அவர்களை முந்த வேண்டும். முன்னும் பின்னும் பத்து மீட்டர் இடைவெளி விட்டுக் கடக்க, அதற்கு ஆறரை வினாடி தேவை. அதற்குள் அது எதிர்த்தடத்தில் நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே வரும் வாகனமும் அதே வேகத்தில் வந்தால், இருநூறு மீட்டருக்கும் கூடுதலான காலி இடம் வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்வது போன்ற இருவழிச் சாலையில் அந்த இடைவெளி அடிக்கடி கிடைக்காது. கிடைக்காதபோது வாகன ஓட்டி பொறுமை இழந்து முந்துகிறார், எதிரே வண்டி வந்ததும் இடப்பக்கம் ஒடிக்கிறார். அவர் ஒடிக்கும் இடத்தில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு குழுவில் எட்டு முதல் பத்து பேர், குழுக்களுக்கு இடையே இரண்டு மூன்று நிமிட இடைவெளி, இருவழிச் சாலையில் ஒற்றை வரிசை என்று வைத்துக்கொள்வது நலம். ஒரே நேரத்தில் முந்நூறு பேரை விசில் ஊதிக் கிளப்புவது படத்துக்கு நன்றாக இருக்கும். அந்த முந்நூறு பேரில் பாதிப் பேருக்கு நெருக்கத்தில் ஓட்டிப் பழக்கம் இருக்காது. குழுவில் நடக்கும் வீழ்ச்சிகளில் பல, பின்னால் வருபவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்பதால் வருபவை. முன்னவர் சற்று விலகினால் போதும், விழுவது பின்னவர்தான்.

மார்ஷல் எங்கே நிற்க வேண்டும்?

பிரச்சினை இருக்கும் இடத்தில் அல்லாமல் அதற்கு முன்பே. மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ‘குழி’ என்று கேட்டு, புரிந்து, பிரேக் பிடித்து, பின்னால் வருபவருக்கும் கை காட்ட ஐந்தாறு வினாடி வேண்டும். எனவே குறைந்தது ஐம்பது மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், இறக்கம் என்றால் இன்னும் முன்னால்.

வாகன ஓட்டிகளுக்கு வைக்கும் எச்சரிக்கைப் பலகைக்கு வேறு கணக்கு. ஒரு வாகனம் ஆபத்தைக் கண்டு நிற்பதற்குத் தேவையான தூரமாக, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு தரும் அளவு, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 60 மீட்டர், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலையில் வாகனங்கள் எந்த வேகத்தில் வருகின்றன என்பதைப் பார்த்தவர்கள், பலகையை இருநூறு மீட்டருக்குக் குறைவாக வைக்க மாட்டார்கள்.

நிற்பது எப்போதும் தார் விளிம்புக்கு வெளியே. வாகனங்கள் வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்க வேண்டாம், கட்டுப்பாட்டை இழக்கும் வண்டி அங்கேதான் வந்து சேரும். தடுப்பின் முனையிலும் நிற்க வேண்டாம். ஓடி ஒதுங்க இடம் இருக்கிறதா என்று வந்ததும் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசில், கொடி, கைச்சாடை?

விசில் ஒன்று வேண்டும், நீளமாக ஒருமுறை ஊதினால் ‘கவனம்’ என்று மட்டுமே பொருள். மஞ்சள் கொடி போதுமானது. சிவப்புக் கொடியைக் கண்டால் சிலர் திடீரென்று பிரேக் அடிப்பார்கள், பச்சைக் கொடி ‘காலி’ என்று சொல்வதற்குச் சமம். திரும்பும் திசையைக் காட்டக் கையை முழுமையாக நீட்டி அசையாமல் பிடிக்க வேண்டும். குரலில் சொல்லும்போது ஒரே சொல்லாக இருக்கட்டும்: ‘மணல்’, ‘லெஃப்ட்’, ‘மெதுவா’. வாக்கியம் முடிவதற்குள் அவர் கடந்து போயிருப்பார். அரட்டைக்காகக் கைப்பேசியை எடுக்காதீர்கள்.

காவல்துறை அனுமதி தேவையா? யாரிடம் கேட்பது?

தேவை. அனுமதி கேட்பதும் தகவல் தெரிவிப்பதும் ஒன்றல்ல, கடிதத்தை நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய் வரும் ஒரு பாதை சென்னை மாநகரக் காவல், தாம்பரம் மாநகரக் காவல், செங்கல்பட்டு மாவட்டக் காவல் ஆகிய மூன்று எல்லைகளைக் கடக்கிறது. மூன்று இடத்திலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். தாம்பரம் ஆணையரகம் 2022 ஜனவரியில்தான் தொடங்கப்பட்டது என்பதால், பழைய நிகழ்ச்சிக் கோப்பை அப்படியே எடுத்து நகல் செய்தவர்கள் ஓர் எல்லையைத் தவறவிட்டதுண்டு.

விண்ணப்பத்தில் பங்கேற்பாளர் எண்ணிக்கை, ஒவ்வொரு சந்திப்பையும் முதல் குழுவும் கடைசிக் குழுவும் கடக்கும் நேரம், மார்ஷல் நிற்கும் இடங்கள், காவலர் தேவைப்படும் இடங்கள், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தெளிவாகத் தர வேண்டும். அந்தப் பகுதி ஆய்வாளரை நேரில் பார்த்துப் பேசுவது எந்தக் கடிதத்தையும் விடப் பயன் தரும். எந்த முனையில் விபத்து அடிக்கடி நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை அப்படிப் பேசிய பிறகு எங்கள் பாதையையே மாற்றியிருக்கிறோம்.

இது பந்தயமா? முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுக்கலாமா?

போக்குவரத்து நிற்காத சாலையில் பரிசு கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலிடம் என்று ஒன்று இருந்தால், சிவப்பு விளக்கில் நிற்பவர் தோற்கிறார், நிற்காதவர் ஜெயிக்கிறார். விதியை மதிப்பவருக்கு நஷ்டம் தரும் ஒரு போட்டியை நாமே அமைத்துவிட்டு, மார்ஷலை நிறுத்திப் பாதுகாப்புத் தேடுவதில் பயனில்லை. ஓட்டிய தூரத்தையும் நேரத்தையும் பதியும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் அந்தப் பாதையின் துண்டுகளுக்கு நேரப் பட்டியல் வைத்து உற்சாகப்படுத்துவதும் இதே தவறுதான்.

வேறு முறைகள் இருக்கின்றன. 1904இல் தொடங்கப்பட்ட பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம் வகுத்த விதிகளின்படி உலகெங்கும், தமிழ்நாட்டிலும், பிரெவே என்னும் நெடுந்தூரப் பயணங்கள் நடக்கின்றன. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300 கிலோமீட்டரை 20 மணிக்குள், 600 கிலோமீட்டரை 40 மணிக்குள் முடித்தால் போதும். யார் முதலில் வந்தார் என்ற வரிசையே கிடையாது. வழியில் வருகையைப் பதியும் சோதனைச் சாவடிகளுக்கு முன்னதாக வந்தாலும் பயனில்லாதபடி அவை திறக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. சாலை விதியை மதிக்கச் சொல்வது மட்டும் போதாது, மதிப்பவருக்கு இழப்பு வராதபடி நிகழ்ச்சியை அமைக்க வேண்டும் என்ற தெளிவு அந்த விதிகளில் இருக்கிறது.

நேரம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பிரிட்டனின் வழி இருக்கிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கூட்டமாகக் கிளம்பும் சாலைப் பந்தயங்களைச் சைக்கிள் சங்கம் தடை செய்துவிட்டதால், ஒருவர் பின் ஒருவராக ஒரு நிமிட இடைவெளியில் கிளம்பித் தனியாக ஓட்டும் பந்தயம் வளர்ந்தது. 1942 ஜூன் 7 அன்று பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் காவல்துறையின் ஒத்துழைப்போடு லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டப் பந்தயம் ஒன்றை நடத்திக் காட்டினார், சங்கம் அவரை விலக்கி வைத்தது. இன்று அந்நாட்டில் இத்தகைய பந்தயங்களுக்கு 1960ஆம் ஆண்டின் தனி ஒழுங்குமுறைகளே இருக்கின்றன. பந்தயம் வேண்டும் என்பவர்கள் மூடிய சாலையையோ தனி ஓடுதளத்தையோ கேட்டுப் பெற வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு உரியது, சைக்கிளுக்கு அன்று. ஆனால் நிகழ்ச்சி நடத்துபவர் அதைக் கட்டாயமாக்கலாம், ஆக்கவும் வேண்டும். தொழில்முறைப் பந்தயத்திலேயே 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் உலகச் சைக்கிள் சம்மேளனம் அதைக் கட்டாயமாக்கியது. அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை.

காதில் ஹெட்போன் மாட்டி ஓட்டுபவரை அனுப்பக் கூடாது, பின்னால் வரும் வண்டியை அவரால் கேட்க முடியாது. முன்கையைச் சாய்த்து ஓட்டும் ஏரோ பார்களைக் குழுவில் பயன்படுத்தக் கூடாது, அந்த நிலையில் கை பிரேக்கிலிருந்து விலகியிருக்கும்.

பைக்கில் போகும் மார்ஷல்கள், புகைப்படக்காரர்கள் பற்றி?

குறைவாக இருப்பதே நல்லது. 2016 மார்ச் 27 அன்று பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் அந்த்வான் தெமுவாத்தியே என்ற 25 வயது வீரர் கீழே விழுந்தபோது, பின்னால் வந்த பந்தய மோட்டார் சைக்கிளே அவர் மீது மோதியது, அவர் இறந்துவிட்டார். பயிற்சி பெற்ற ஓட்டிகள், மூடிய சாலை, அப்படியும் நடந்தது. நம் நிகழ்ச்சியில் ஒரு பைக்கின் பின்னால் திரும்பி உட்கார்ந்து படம் எடுப்பவரும், அவரைப் பார்த்துக் கையசைக்கும் சைக்கிளோட்டியும் சேர்ந்து எவ்வளவு கவனத்தைச் சிதறடிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். படம் எடுப்பவர் ஓரிடத்தில், சாலைக்கு வெளியே நின்று எடுக்கட்டும். துணைக் கார்கள் குழுவுக்குப் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது, அப்படி வந்தால் மற்றவர்கள் முந்த வேண்டிய நீளம் இன்னும் கூடுகிறது. ஐந்து, பத்து கிலோமீட்டர் முன்னே போய் ஓரமாகக் காத்திருக்கட்டும்.

பேருந்து நிறுத்தங்களில் என்ன செய்வது? தெருநாய் துரத்தினால்?

நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கும் பேருந்தின் இடப்பக்கம் நுழையவே கூடாது, பின்னால் காத்திருக்க வேண்டும். நாய் துரத்தினால் வளைக்காமல் நேராகப் போங்கள். நாய் கடித்து விழுபவர்களை விட, நாய்க்கு ஒதுங்கிப் பக்கத்துச் சைக்கிளில் மோதி விழுபவர்கள் அதிகம் என்பது எங்கள் அனுபவம்.

விபத்து நடந்துவிட்டால் மார்ஷல் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இன்னொரு விபத்தைத் தடுக்க வேண்டும். அடிபட்டவரை நோக்கி எல்லோரும் ஓடுவது இயல்பு, ஆனால் ஒருவராவது வாகனங்கள் வரும் திசையில் நூறு மீட்டருக்கு மேல் நடந்து போய்க் கொடியோடு நிற்க வேண்டும். அடுத்த குழுவைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது 108. அழைக்கும்போது ‘ஈ.சி.ஆர்.ல’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே, சென்னையிலிருந்து போகும் பக்கமா வரும் பக்கமா, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொல்ல வேண்டும். நடுவே தடுப்புள்ள சாலையில் பக்கத்தை மாற்றிச் சொன்னால், ஆம்புலன்ஸ் அடுத்த இடைவெளி வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு மார்ஷலுக்கும் அவர் நிற்கும் இடத்தின் விவரத்தை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறோம். பதற்றத்தில் தெரிந்த ஊரின் பெயர் கூட மறந்துபோகும்.

அடிபட்டவரை உட்கார வைக்கவோ தூக்கி நிறுத்தவோ அவசரப்படாதீர்கள். நினைவு இல்லை, அல்லது கழுத்தில் வலி என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை அசையாமல் பிடித்திருங்கள், மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவருக்குக் காறையெலும்பு முறிந்திருக்கக்கூடும். எழுந்து நின்று ‘ஒண்ணும் இல்லை’ என்பவரிடம் இன்று என்ன கிழமை, எங்கிருந்து கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். தடுமாறினாலோ, ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தாலோ, அவர் எவ்வளவு கெஞ்சினாலும் மீண்டும் சைக்கிளில் ஏற விடாதீர்கள்.

உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம். உதவுபவர்களுக்கான பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134அ என்ற பிரிவாக அது சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இது 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பாதையில் அத்தகைய மருத்துவமனைகள் எவை என்று முந்தின வாரமே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டால் எண்ணைக் குறியுங்கள், முழு எண் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கங்களும் நிறமும் போதும். வாகனம் கண்டுபிடிக்கப்படாத விபத்துகளுக்கும் 2022 ஏப்ரல் முதல், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. அதைப் பெறக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாக வேண்டும்.

நிகழ்ச்சியை எப்போது ரத்து செய்ய வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். தண்ணீர் தேங்கிக் குழி தெரியாத சாலை, நூறு மீட்டருக்கு அப்பால் பார்வை மறையும் மழை, காவலர் வருவதாகச் சொன்ன சந்திப்பில் அவர் வராதது, ஆம்புலன்ஸ் வந்து சேராதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்துதான். முடிவெடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அவர் அன்று சைக்கிள் ஓட்டக் கூடாது. கட்டணம் கட்டியவர்கள் கோபிப்பார்கள், சமூக ஊடகத்தில் எழுதுவார்கள். அந்த அழுத்தம் அவர் தோளில் விழாமல் இருக்க, எந்த நிலையில் ரத்து செய்வோம் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.

மார்ஷல் எப்போது தன் இடத்தை விட்டுப் போகலாம்?

கடைசியாக வரும் துணை வாகனம் அவரைக் கடந்து, அதில் இருப்பவர் பெயர் சொல்லிப் ‘போகலாம்’ என்று சொன்ன பிறகு. கூட்டம் போய்விட்டது, வெயில் ஏறிவிட்டது என்று தானாகக் கிளம்பக் கூடாது. பஞ்சராகி நின்றவர், முதன்முறையாக ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர், தசைப்பிடிப்போடு மெல்ல வருகிறவர் ஆகியோர்தான் கடைசியில் வருவார்கள். களைப்பில் கவனம் குறைந்திருக்கும், சாலையில் வண்டிகளோ காலையை விடக் கூடியிருக்கும். கிளம்பிய எண்ணிக்கையும், வந்து சேர்ந்த எண்ணிக்கையும், நடுவில் விலகியவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகும் வரை பதிவு மேசையில் இருப்பவரும் எழுந்திருக்கக் கூடாது. ஒருமுறை ஓர் எண் குறைந்து, இரண்டு மணி நேரம் சாலை முழுவதும் தேடினோம். அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போயிருந்தார். அதன் பிறகு, விலகுபவர் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை ஒவ்வொரு சைக்கிளின் எண் அட்டையின் பின்புறத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம்.